ஆறு அங்குலம்

மார்ச் 3

அன்புள்ள அண்ணா,

இங்கே வந்து பதினோரு நாள் ஆகிறது. ஆறு முறை போன் செய்தேன். ஆறு முறையும் அண்ணிதான் எடுத்தார். "அவரு பட்டறைக்குப் போயிட்டாரு" என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு எந்த மரப் பட்டறை திறந்திருக்கும் என்று நான் கேட்கவில்லை. பின்னால் நீ இருமுவது நன்றாகவே கேட்டது. போனில் பேசினால் நீ கத்துவாய், நான் உனக்கு மேல் கத்துவேன். கடிதத்தில் கத்த முடியாது. மிஞ்சிப் போனால் கிழித்துப் போடலாம். கிழிப்பதற்கு முன்னால் ஒருமுறை படித்துவிடு.

உன்னிடம் சொல்லாமல் இந்த வீட்டுக்கு விண்ணப்பம் போட்டது தப்பு. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். விண்ணப்பம் போட்டதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். சொல்லியிருந்தால் நீ வேண்டாம் என்பாய். நீ வேண்டாம் என்றால் எனக்கு மறுக்க வாய் வராது. எனக்கே வாய் வராது என்றால் உனக்கே ஆச்சரியமாக இருக்கும்.

வேன் வந்த அன்று நீ என்னைத் தூக்கிக்கொண்டு இருபத்திரண்டு படியும் இறங்கினாய். வழக்கமாகப் பன்னிரண்டாவது படியில் நின்று மூச்சு வாங்கி, "நீ மட்டும் சாப்பாட்டைக் குறைக்கவே மாட்டே" என்று சொல்வாய். அன்று நிற்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. வேன் இருக்கையில் உட்கார வைத்தாய், பெல்ட்டை மாட்டினாய், திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாய். ஆறு மணி நேரப் பயணத்தில் பாதி நேரம் நான் அழுதேன். ஓட்டுநர் பாவம், பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டார்.

வீட்டைச் சொல்கிறேன். வீட்டு வசதித் துறை மாற்றுத் திறனாளிகளுக்கென்று கட்டிய நாற்பது வீடுகளில் பதினேழாம் எண். எல்லாமே தரைத்தளம். ஓர் அறை, ஒரு சமையல் இடம், ஒரு குளியலறை. வாசலில் படி இல்லை அண்ணா, சாய்தளம். சுவிட்சு எல்லாம் என் தோள் உயரத்தில். அடுப்பு மேடை தாழ்வு, அதன் கீழே என் முழங்கால் நுழைய இடம் விட்டிருக்கிறார்கள். முதல் நாள் விளக்கைப் போட்டேன், அணைத்தேன், போட்டேன், அணைத்தேன். எதிர் வீட்டுத் தையல்காரர் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு வந்து, "ஏதாச்சும் சிக்னலா?" என்று கேட்டார்.

இன்னொன்று. வாசல் கதவு நிலையின் அடியில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், உளியால் போட்ட ஒரு சின்ன வட்டம், அதற்குள் இரண்டு கோடு. உட்கார்ந்திருப்பவள் கண்ணுக்குத்தான் அது தெரியும். உன் அடையாளம் எனக்குத் தெரியாதா? நீ கோபித்துக்கொண்டு வரவில்லை, ஆனால் எனக்கு முன்னால் நீதான் இங்கே வந்து நிற்கிறாய்.

பதில் போடு.

உன் தங்கை


மார்ச் 12

தங்கைக்கு,

கிழிக்கவில்லை. படித்தேன். உன் அண்ணி வேறு இரண்டு முறை சத்தமாகப் படித்துக் காட்டினாள்.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. கேட்க வேண்டியதை மட்டும் கேட்கிறேன்.

நான் உனக்கு என்ன குறை வைத்தேன்? பேருந்துப் படியிலிருந்து நீ விழுந்து ஒன்பது வருஷம். ஒரு நாளாவது முகம் சுளித்தேனா? உன் அண்ணி சுளித்தாளா? தெருமுனைக் கடைக்காரர், "தங்கச்சியை ஏதோ இல்லத்துல சேத்துட்டீங்களாமே" என்று கேட்கிறார். கேட்பவனுக்கு என்ன, வாய் இருக்கிறது கேட்கிறான். பதில் சொல்ல வேண்டியவன் நான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அரசாங்கம் கட்டும் வீட்டைப் பற்றி நீ எனக்குச் சொல்ல வேண்டாம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த நிலைகளை எங்கள் பட்டறையில்தான் செய்தோம். கட்டடம் எதற்கு, யாருக்கு என்று ஒருவரும் சொல்லவில்லை. நாற்பது வீடு, இன்ன அளவு என்று ஒரு தாள் வந்தது. அதைப் போட்டவன் அரைத் தூக்கத்தில் போட்டிருக்கிறான். நான் பார்த்துச் சரி செய்து அனுப்பினேன். அந்த லட்சணத்தில் கட்டிய வீட்டை நம்பித்தான் நீ போயிருக்கிறாய்.

காலை, மதியம், மாலை உன்னைக் குளியலறைக்கு யார் தூக்கிக்கொண்டு போகிறார்கள்? அதை எழுது. மற்றதெல்லாம் பிறகு.

அண்ணன்

உன் கட்டிலை எடுக்கவில்லை. அப்படியே இருக்கிறது.


மார்ச் 20

அன்புள்ள அண்ணா,

யாரும் தூக்கிக்கொண்டு போவதில்லை. நானே போகிறேன். கைப்பிடிக் கம்பி இருக்கிறது, உட்கார்ந்து குளிக்கப் பலகை இருக்கிறது. அது போதும், அடுத்த விஷயத்துக்கு வருகிறேன்.

குறை வைத்தாயா என்று கேட்டாய். நீ குறை வைத்திருந்தால் எனக்குக் கிளம்புவது சுலபமாக இருந்திருக்கும். தினமும் மதியம் ஒரு மணிக்கு வேலையை அப்படியே போட்டுவிட்டு, சைக்கிளை மிதித்துக்கொண்டு, மரத்தூள் ஒட்டிய சட்டையோடு படியேறி வருவாய். என்னைக் குளியலறைக்குத் தூக்கிப் போவாய். வெளியே நின்று சுவரைப் பார்த்தபடி ஏதாவது பாட்டு முணுமுணுப்பாய், எனக்குக் கூச்சமாக இருக்கக் கூடாது என்று. கதவைச் சாத்தினால் நான் விழுந்தால் தெரியாது என்று பாதி திறந்தே இருக்கும். பிறகு திரும்ப சைக்கிள். ஒன்பது வருஷம். நீ எனக்குச் செய்ததற்கு நன்றி என்ற வார்த்தை ரொம்பச் சின்னது, ஆனாலும் அதை நான் ஒரு நாள்கூடச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். நன்றி அண்ணா.

ஆனால் அந்த ஒரு மணி உன்னை என்ன செய்தது என்று எனக்குத் தெரியும். துறைமுகத்தில் கப்பல் அறைகளுக்கு மரவேலை செய்யக் கூப்பிட்டார்கள். நீ போகவில்லை. மலையில் அந்தப் பெரிய நூலகத்துக்கு அலமாரி செய்யக் கூப்பிட்டார்கள். "எனக்கு மலை ஒத்துக்காது" என்றாய். உனக்கா மலை ஒத்துக்காது? நீ இருபத்திரண்டு படியை என்னைச் சுமந்துகொண்டு ஏறுகிறவன். அந்த வீட்டில் நடக்க முடியாதவள் ஒருத்திதான், கட்டிப்போடப்பட்டவர்கள் இரண்டு பேர்.

இல்லம் என்று கடைக்காரர் சொன்னாரா? இது என் வீடு என்று சொல். என் பெயரில் வாடகை ஒப்பந்தம், என் கையில் சாவி. தர்மத்துக்குக் கொடுத்ததா என்று கேட்டால் இதையும் சொல்: அரசாங்கம் சாலை போடுகிறது, அதில் நடக்கிறவர் யாரும் தினமும் கும்பிடு போட்டுவிட்டு நடப்பதில்லை. நாலு பேர் வரியில் போட்ட சாலையில் நாலு பேர் நடக்கிறார்கள். எனக்குச் சாலை வாசல்படியிலேயே முடிந்துபோயிருந்தது. இப்போது என் கட்டில் வரைக்கும் வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நல்ல செய்தியைக் கடைசிக்கு வைத்தேன். இங்கிருந்து மூன்று தெரு தள்ளி ஓர் ஆஸ்பத்திரி. நடைபாதை சமமாக இருக்கிறது, சக்கர நாற்காலியை நானே தள்ளிக்கொண்டு போகலாம். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், விழுவதற்கு முன்னால் பார்த்த அதே வேலையைக் கேட்டேன். ஒன்பது வருஷ இடைவெளி என்று கூடத் தலைவி உதட்டைப் பிதுக்கினார். ஒரு ஸ்லைடைக் கொடுத்தார். பார்த்துச் சொன்னேன். இன்னொன்று கொடுத்தார். அதையும் சொன்னேன். இரண்டு மாதம் பார்க்கலாம் என்றிருக்கிறார். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தபோது எல்லா அணுக்களும் அதனதன் இடத்திலேயே இருந்தன. எனக்காகக் காத்திருந்த மாதிரி இருந்தது.

உன் தங்கை


ஏப்ரல் 2

தங்கைக்கு,

கடைக்காரரிடம் சொன்னேன். "ஆஸ்பத்திரியில வேலை பாக்குதா, அப்ப எனக்குச் சர்க்கரை பாக்கச் சொல்லுங்க" என்கிறார். அதற்குப் பிறகு இல்லம் என்று சொல்வதில்லை.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். போன வாரம் வெளியூர் வேலைக்குப் போனேன். ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஜன்னல்கள். எட்டு நாள், அங்கேயே தங்கல். முதல் நாள் ஒரு மணிக்கு என் கை தானாக இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டது. எழுந்து சைக்கிளைத் தேடினேன். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் மறுபடி வேலை செய்தேன். சாயங்காலம் ஜன்னலைப் பார்த்தபோது, இப்படி ஒரு முழு நாள் வேலை செய்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக வெட்கப்பட்டேன். உன்னிடம் மறைக்க வேண்டாம் என்று எழுதுகிறேன்.

ஒரு கேள்வி. உன் கையெழுத்துக்கு என்ன ஆயிற்று? முதல் கடிதத்தில் முத்து முத்தாக இருந்தது. இரண்டாவதில் கோழி கிளறின மாதிரி இருக்கிறது. பேனாவைச் சரியாகப் பிடிக்காமல் எழுதியிருக்கிறாய். நான் கையால் பிழைப்பவன், ஒரு கை சரியில்லை என்றால் எனக்குத் தெரியும். குளியலறை பற்றிக் கேட்டதற்கும் அவசரமாகப் பதில் சொல்லிவிட்டு ஓடியிருக்கிறாய்.

உள்ளதை எழுது.

அண்ணன்


ஏப்ரல் 14

அன்புள்ள அண்ணா,

உன்னிடம் பொய் சொன்னால் அரை நாள் தாங்காது. எழுத்தைப் பார்த்தே பிடித்துவிடுகிறாய்.

குளியலறை வாசல் குறுகல். மற்ற எல்லா வாசலிலும் தாராளமாகப் போய் வருகிறேன். குளியலறை நிலைக்குள் நாற்காலி மட்டும் நுழையும், இந்தப் பக்கம் ஒரு விரல், அந்தப் பக்கம் ஒரு விரல் இடம். சக்கரத்தைத் தள்ளுகிற கை எங்கே போகும்? வாசலில் சின்ன ஏற்றம் வேறு. தள்ளாமல் ஏறாது. ஒவ்வொரு தடவையும் விரல் முட்டி இரண்டு பக்கமும் மரத்தில் உரசும். போக ஒரு தடவை, வர ஒரு தடவை. மூன்று வாரத்தில் தோல் போய்விட்டது. துணி சுற்றிப் பார்த்தேன், உள்கம்பியில் கயிறு கட்டி இழுத்துப் பார்த்தேன். ஆறுகிற காயம் மறுபடி உரசிக்கொள்கிறது.

என் வேலைக்கு இது ஆகாது. கையில் திறந்த காயத்தோடு அடுத்தவர் ரத்தத்தைத் தொடக் கூடாது. உறை போட்டாலும் கூடாது. கூடத் தலைவி நல்லவர். "காயம் ஆறட்டும்மா, அதுவரைக்கும் பதிவேடு எழுதுங்க" என்றார். ஆனால் மே மாதக் கடைசியில் என் இரண்டு மாதம் முடிகிறது. பதிவேடு எழுத அவர்களுக்கு வேறு ஆள் இருக்கிறார். ஸ்லைடு பார்க்கத்தான் ஆள் வேண்டும்.

இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று. நாற்பது வீட்டில் பதினாறுதான் நிரம்பியிருக்கிறது. ஊன்றுகோல்காரர்கள், கண் தெரியாதவர்கள். நாற்காலிக்காரி நான் ஒருத்திதான். மற்றவர்கள் வந்து பார்க்கிறார்கள், திரும்பிப் போகிறார்கள். போன வாரம் ஓர் அம்மாவும் மகளும் வந்தார்கள். மகளுக்கு முப்பது வயது இருக்கும், நாற்காலி. என் வீட்டைக் காட்டினேன். அந்த அம்மா அடுப்பு மேடையைத் தடவிப் பார்த்துக் கண் கலங்கினார். மகள் என்னைப் போலவே விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தாள். பிறகு குளியலறை வாசலுக்குப் போனார்கள். நாற்காலி அகலம், நுழையவே இல்லை. "பரவாயில்ல, நான் தூக்கிக்கிறேன்" என்றார் அம்மா. மகள் அமைதியாகச் சொன்னாள்: "தூக்குறதுக்கு நம்ம வீடே போதுமேம்மா."

துறையிலிருந்து வரும் அதிகாரி அம்மா காட்டிய கோப்பில் இது "விண்ணப்பதாரர் விரும்பவில்லை" என்று ஏறியிருக்கிறது. இருபத்து நாலு வீட்டுக்கும் இதே வரி. இவர்கள் குடும்பத்தோடு இருக்கத்தான் விரும்புகிறார்கள், வீடு கட்டுவது வீண், இரண்டாம் கட்டம் வேண்டாம் என்று ஒரு குழு முடிவெடுக்கப் போகிறது. மே 9ஆம் தேதி கூட்டம். அடுத்த நாற்பது வீட்டுக்காக இருநூறு பேர் வரிசையில் நிற்கிறார்கள்.

யாரோ படம் போட்டவர் கவனிக்காமல் விட்டிருக்கிறார் போல. நிலையைப் பெயர்க்காமல் வாசலைப் பெரிதாக்க வழி இருக்கிறதா? மரம் தெரிந்தவன் நீதான், சொல்.

என்னைத் திரும்பக் கூப்பிடாதே. கூப்பிட்டால் வந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

உன் தங்கை


ஏப்ரல் 20

தங்கச்சிக்கு,

இதை நான்கு நாளாக எழுதுகிறேன். மூன்று தாளைக் கிழித்துவிட்டேன்.

படம் போட்டவர் தப்புச் செய்யவில்லை. நான்தான் செய்தேன்.

அந்தத் தாளில் எல்லா நிலைக்கும் மூன்று அடி அகலம் என்று இருந்தது. வாசலுக்கு மூன்று, குளியலறைக்கும் மூன்று. எங்கள் தொழிலில் குளியலறை நிலை இரண்டரை அடி. நான் பார்த்த வீடெல்லாம் அப்படித்தான். எழுதினவர் மேல் வரியைப் பார்த்துக் கீழ் வரியிலும் அதையே போட்டுவிட்டார் என்று நினைத்தேன். "ஒத்தை ஆள் குளிக்கிற இடத்துக்கு யானை போற வாசல் வச்சிருக்கான் பாரு" என்று முதலாளியிடம் காட்டிச் சிரித்தேன். முதலாளி, "நீயே பாத்துச் செய்" என்றார். நாற்பது நிலையிலும் ஆறு ஆறு அங்குலம் குறைத்தேன். அங்கே கொத்தனார்கள் மீந்த இடத்தைச் செங்கல் வைத்து அடைத்திருப்பார்கள். மரம் மிச்சம் என்று முதலாளி என் தோளில் தட்டினார். நாற்பதிலும் என் அடையாளம் போட்டேன். குளியலறை நிலையின் அடியிலும் இருக்கும், பார்.

வேறு எவன் இந்தத் தப்பைச் செய்திருந்தாலும் பொறுக்கலாம். நாற்காலியில் ஒருத்தி இருக்கிற வீட்டில் ஒன்பது வருஷம் இருந்தவன் நான். எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. ஏன் என்றால் நம் வீட்டுக் குளியலறை வாசலில் உன் நாற்காலி ஒரு தடவைகூட நுழைந்ததில்லை. அதை வெளியே விட்டுவிட்டு உன்னை நான் தூக்கிக்கொண்டு போனேன். எனக்கு என் தோள் அகலம் தெரியும். உன் நாற்காலி அகலம் தெரியாது. அந்த வாசலில் நீயாகப் போவாய் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவே இல்லை. என் பாசம் அவ்வளவுதான் யோசித்திருக்கிறது.

என் கைவேலையே உன் கையைக் கிழித்திருக்கிறது.

உங்கள் அதிகாரி அம்மா பெயரும் முகவரியும் அனுப்பு. நானே எழுதுகிறேன். கூட்டத்துக்கும் வருகிறேன். இதைச் சொன்னால் பட்டறையில் என் வேலை போகலாம். போனால் போகட்டும். உளி என்னுடையது.

நிலையைப் பெயர்க்காமல் முடியாது. பெயர்ப்பது எனக்குப் பெரிய வேலை இல்லை. செங்கல் அடைப்பு ஆறு அங்குலம்தான், தட்டினால் வந்துவிடும்.

காயத்தில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்.

அண்ணன்


ஏப்ரல் 26

அன்புள்ள அண்ணா,

எனக்குத் தெரியும்.

நீ பார்த்துச் சரி செய்தேன் என்று எழுதினாயே, அன்றே குளியலறை நிலையின் அடியைப் பார்த்தேன். வட்டம், இரண்டு கோடு. மறுநாள் அதிகாரி அம்மா வந்தபோது வீட்டின் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மூன்று அடி என்று இருந்தது. அவரே விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "இதை யாரும் நாடா வச்சு அளக்கவே இல்லையா" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். யார் மாற்றியது என்று தெரிந்தால்தான் குழு ஏற்கும் என்று சொல்லி, எந்தப் பட்டறை என்று கேட்டார். விசாரித்துச் சொல்கிறேன் என்று மழுப்பினேன். ஒரு மாதமாக மழுப்பிக்கொண்டிருக்கிறேன்.

உன்னைக் காட்டிக்கொடுத்தால் உன் பெயர் போகும். வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த மகளுக்கும் வரிசையில் நிற்கிற இருநூறு பேருக்கும் வீடு போகும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நான் என் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். படம் போட்டவர்மேல் பழியைப் போட்டு உனக்கு எழுதியது, நீயாகச் சொல்வாயா என்று பார்க்கத்தான். சின்ன புத்திதான், ஒப்புக்கொள்கிறேன். நீ சொன்னாய். ஆறு நாளில் சொன்னாய். கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். தையல்காரர் வந்து, "கெட்ட சேதியா?" என்று கேட்டார். "இல்லை, எங்க அண்ணன்" என்றேன்.

உன் பாசம் குறைவாக யோசித்தது என்று எழுதியிருக்கிறாய். அதை அடித்துவிடு. நீ தூக்கவில்லை என்றால் இந்த விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட நான் உயிரோடு இருந்திருக்க மாட்டேன். தப்பு உன் ஒருவனுடையதும் இல்லை. யாருக்காகக் கட்டுகிறோம் என்று பட்டறைக்கு ஒரு வரி எழுதவில்லை. கட்டி முடித்து ஒரு நாற்காலிக்காரரைக் கூப்பிட்டு, "போய்ப் பாருங்க" என்று சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தில் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முகவரி பின்பக்கம். மே 9, காலை பத்து மணி.

உன் தங்கை


மே 3

வாயாடிக்கு,

முதலாளியிடம் சொல்லிவிட்டேன். அரை மணி நேரம் கத்தினார். பிறகு, "மிச்சம்னு தோள்ல தட்டினவன் நான்தானே" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். இருபத்தைந்து நிலைக்கு மரம் தருகிறார். காலியாக இருக்கும் இருபத்து நாலு, உன்னுடையது ஒன்று. ஊன்றுகோல்காரர்கள் வீட்டை அப்புறம் பார்க்கலாம் என்று அதிகாரி அம்மா எழுதியிருக்கிறார்.

இந்தத் தடவை படத்தை மட்டும் நம்பவில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டு ஒரு நாற்காலியை ஒருநாள் வாங்கி வந்தேன். உட்கார்ந்து பட்டறை முழுக்கச் சுற்றினேன். வெறும் நாற்காலியை அளந்தால் ஓர் அளவு. ஆளை உட்கார வைத்து, சக்கரத்தில் கையும் இருக்கும்போது அளந்தால் வேறு அளவு. அந்த வேறு அளவில்தான் வாழ்க்கை நடக்கிறது. வீட்டுக்குக் கொண்டுவரலாம் என்று பார்த்தேன். இருபத்திரண்டு படிக்குக் கீழே நாற்காலியோடு நின்றேன். மேலே பார்த்தேன். நீ ஒன்பது வருஷம் எப்படி ஒன்றும் சொல்லாமல் இருந்தாய்?

8ஆம் தேதி லாரியில் வருகிறேன். முதலில் உன் நிலை, அப்புறம் கூட்டம். உன் அண்ணி உனக்கு உறை தைத்திருக்கிறாள், இரண்டு கைக்கும். இனிமேல் அது தேவைப்படாது என்று சொன்னேன். "குளிருக்குப் போட்டுக்கட்டும்" என்கிறாள்.

அண்ணன்


ஜூன் 5

அன்புள்ள அண்ணா,

கூட்டத்தில் பேசிவிட்டு, லாரி காத்திருக்கிறது என்று முடிவு தெரியாமலே ஓடிவிட்டாய். முடிவு நேற்றுத்தான் எழுத்தில் வந்தது. அறிக்கையின் நான்காம் பக்கத்தில் நீ இருக்கிறாய். "பணியில் ஈடுபட்ட தச்சர் ஒருவர், அளவு மாற்றம் தம்மால் நிகழ்ந்தது எனத் தாமாக முன்வந்து தெரிவித்தார்." படித்துவிட்டுச் சிரித்தேன். நீ சொன்னது அப்படியா? எழுந்து நின்று, துண்டை முறுக்கிக்கொண்டு சொன்னது எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. "அய்யா, அவங்க வீடு வேணாம்னு போகல. நான் வாசலைக் குறுக்கிட்டேன், அதான் திரும்பிப் போனாங்க. என் தங்கச்சி வீட்டை விட்டு வந்ததுக்கு நான் கோவப்பட்டேன். அது வந்தப்புறம்தான் எனக்கு ஒரு முழு நாள் வேலை கிடைச்சுது. நீங்க ஒரு வீடு கட்டினா ரெண்டு பேர் நிமிருறாங்க. எங்களை மாதிரி தூக்குறவங்களுக்கும் சேத்துத்தான் கட்டுறீங்க, அதை எழுதிக்குங்க." அதிகாரி அம்மா எழுதிக்கொண்டார். அறிக்கையில் சேர்க்கவில்லை, ஆனால் அந்தத் தாளை எனக்குக் கொடுத்துவிட்டார். இத்துடன் வைத்திருக்கிறேன்.

இரண்டாம் கட்டம் உண்டு. நாற்பது கேட்டதில் இருபது இப்போது, மீதி அடுத்த வருஷம். முழுச் சந்தோஷம் இல்லை. இருநூறு பேருக்கு இருபது எந்த மூலைக்கு? கேட்டுக்கொண்டே இருப்போம். ஒரு நிபந்தனை சேர்த்திருக்கிறார்கள்: ஒவ்வொரு வீட்டிலும் நாற்காலியில் இருப்பவர் ஒருவர் எல்லா வாசலிலும் போய் வந்து கையெழுத்துப் போட்ட பிறகுதான் வேலை முடிந்ததாகக் கணக்கு. அந்தக் கையெழுத்து என்னுடையது. பயந்துகொள், அடுத்த நிலைகளையும் உங்கள் பட்டறைக்கே கொடுத்திருக்கிறார்கள்.

நீ இறக்கிவிட்டுப் போன நிலைகளை இங்குள்ள ஆட்கள் மாட்டியதும், அந்த அம்மாவின் மகள் இருபத்து மூன்றாம் எண்ணுக்கு வந்துவிட்டாள். அம்மா முதல் வாரம் கூடவே இருந்தார். பிறகு, "எனக்கு இங்க ஒரு வேலையும் இல்ல" என்று புலம்பிக்கொண்டே ஊருக்குப் போனார். புலம்பல் என்றாலும் முகம் மலர்ந்துதான் இருந்தது.

என் கை ஆறிவிட்டது. கூடத் தலைவி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு மைக்ராஸ்கோப்பைக் காட்டினார். வேலை நிரந்தரம். கடைக்காரரைச் சர்க்கரை பார்க்க அனுப்பு.

கையெழுத்தைப் பார். முத்து முத்தாக.

உன் வாயாடி


ஜூன் 13

வாயாடிக்கு,

பார்த்தேன். உன் அண்ணி கடிதத்தைச் சாமி படம் மாதிரி கண்ணாடி போட்டு மாட்டச் சொல்கிறாள். சட்டம் செய்துகொண்டிருக்கிறேன்.

மலையில் அந்த நூலகத்தில் இன்னும் இரண்டு அறைக்கு அலமாரி செய்ய வேண்டியிருக்கிறதாம். போகிறேன். மலை எனக்கு ஒத்துக்கொள்ளும்.

அந்த எட்டாம் தேதியைப் பற்றி உன்னிடம் ஒன்று சொல்லவில்லை. நேரில் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். நிலையை மாட்டி முடித்து, கதவைத் தொங்கவிட்டு, தாழ்ப்பாளை உன் கைக்கு எட்டுகிற உயரத்தில் வைத்தேன். நீ "நகரு" என்றாய். நகர்ந்தேன். சக்கரத்தில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு போனாய். எங்கேயும் உரசவில்லை. நான் பழக்கத்தில் சுவரைப் பார்த்து நின்று பாட்டை ஆரம்பித்தேன். அப்போது கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு தாழ்ப்பாள்.

ஒன்பது வருஷத்தில் நீ எனக்கு முன்னால் சாத்தின முதல் கதவு அது. நான் பாட்டை நிறுத்திவிட்டு வெளியே போய்த் தையல்காரரோடு உட்கார்ந்துகொண்டேன். எனக்கு அங்கே நிற்க வேண்டிய வேலை இல்லை. என் தொழிலில் எத்தனையோ கதவு செய்திருக்கிறேன், ஒரு கதவு சாத்தினதற்காக நான் அழுதது அன்றைக்குத்தான். உனக்கு அந்த வீட்டைக் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் நன்றி. போகிறேன் என்று நீயே முடிவெடுத்ததற்கும் நன்றி.

நீ எனக்குக் கொடுத்த பதினேழாம் எண் மறுசாவியை உன் அண்ணி ஆணியில் மாட்டியிருக்கிறாள். அடுத்த மாதம் வரும்போது அதைப் போட்டுத் திறக்க மாட்டோம். தட்டுவோம். நீ வந்து திற.

மழைக்காலத்தில் மரம் கொஞ்சம் ஊதும். தாழ்ப்பாள் இறுகினால் இழுக்காதே, இரண்டு சொட்டு எண்ணெய் விடு.

அண்ணன்